நிரம்பிய இடங்கள்

எங்கள் வளாகத்தில் ஒரு கூட்டம் என்றால் முதலில் பேனர் அடிக்க வேண்டும். நடுவில் பேச்சாளரின் முகம், பக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவரின் முகம், கீழே மூலையில் எங்கள் டீனின் முகம். பேச்சு எதைப் பற்றி என்பது இந்த மூன்று முகங்களுக்கும் இடையில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வரும். பேனரைக் கட்டுவதற்கு ஏணியைப் பிடிக்கிறவன் நான். புள்ளியியல் வாத்தியார் என்று பெயர். ஒலிபெருக்கி, புரொஜெக்டர், ஏணி மூன்றும் என் பொறுப்பில்தான் இருந்தன.

அந்த அக்டோபரில் பேனரில் இருந்தவர் டாக்டர் அன்செல்மோ வில்லராசா. தலைநகரில் கடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் மூத்தவர். இளங்கலை மாணவர்களை ஆறு மாதம் தங்கவைத்து, உதவித்தொகை கொடுத்து, ஆய்வு செய்யப் பழக்கும் திட்டம் ஒன்று அந்த ஆய்வகத்தில் இருந்தது. அதைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிக் கூட்டங்கள் எங்களுக்குப் புதிதல்ல. வருவார்கள், படம் காட்டுவார்கள், "கனவு காணுங்கள்" என்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து யாரும் எங்கேயும் எடுக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கூட்டத்தை நடத்தும் வேலை நெரிசா கபாஹுகுடையது. நாங்கள் நேரி மேம் என்போம். மீன் நோய்ப் பாடமும் நீர் வேதியியலும் எடுப்பவர். அதற்கு மேல் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே அறை. வகுப்பு முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வினாத்தாள் அடுக்கிய அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நாற்பத்து மூன்று வயதில் அறுபது வயது அலுப்பு.

அன்று காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"மூணு வகுப்ப ரத்து பண்ணி ஹாலுக்கு அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார். "வந்தா ரெண்டு மார்க். பான்சிட் நூடுல்ஸ் பொட்டலம். ஜூஸ். இதுக்கு மேலயும் வரலைன்னா நான்தான் நூறு பேர் மாதிரி உக்காரணும்."

"ருவெலின் வருவாளா? கடல் மோசமா இருக்கே."

"வருவா." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அவ ஒருத்திக்காகத்தான் இதை இழுத்துக்கிட்டுத் திரியறேன்."

ருவெலின் லகாடோ நான்காம் ஆண்டு மாணவி. பாடங்களை முடித்துவிட்டாள். ஆய்வறிக்கை மட்டும் பாக்கி. விரிகுடாவுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவிலிருந்து மோட்டார் படகில் வருவாள். அங்கே எல்லாருக்கும் ஒரே தொழில்தான். கடலில் மூங்கில் நட்டுப் பச்சைச் சிப்பி வளர்ப்பார்கள். தண்ணீரில் ஒருவகை நுண்ணுயிர் பெருகிக் கடல் சிவந்துபோனால் சிப்பியில் நஞ்சு ஏறிவிடும். அரசு தடை போடும். தடை போட்டால் தீவு முழுக்க அடுப்பு மெதுவாகத்தான் எரியும். இந்தச் செந்நீர் எப்போது வரும், ஏன் சில மூங்கில் வரிசைகளில் முதலில் நஞ்சேறுகிறது என்பதையெல்லாம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் கல்லூரியில் அதற்கான கருவி கிடையாது. வில்லராசாவின் ஆய்வகத்தில் இருந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. தெற்கே சூரைமீனை டின்னில் அடைக்கும் ஆலையில் அவளுடைய சித்தி மகள் வேலை பார்க்கிறாள். அங்கே தரம் பார்க்கும் பிரிவில் ஒரு இடம் காலியாகி, ருவெலினுக்காகப் பேசிவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ருவெலின் வந்து கேட்டபோது நேரி மேம்தான், "இந்தக் கூட்டம் முடியட்டும், அப்புறம் முடிவு பண்ணு" என்று சொல்லியிருந்தார். நான் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வில்லராசா மதியத்துக்குச் சற்று முன்னால் வேனில் வந்து இறங்கினார். பேனரில் இருந்த முகத்தைவிடப் பத்து வயது கூடியிருந்தது. சட்டை முதுகில் சுருங்கியிருந்தது. அந்த வாரத்தில் மட்டும் எத்தனையோ கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று வேன் ஓட்டுநர் சொன்னார். டீன் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு, ஏதோ கூட்டம் என்று போய்விட்டார். நாங்கள் மூவரும் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தோம். சுட்ட மீன், புளிப்புச் சாறு, சோறு.

பாதிச் சாப்பாட்டில் அவர் ஸ்பூனை வைத்தார்.

"மேம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இடம் இல்ல."

ஹாலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான், "ஹால் பெருசு சார். முன்னூறு பேர் உக்காரலாம்" என்றேன்.

"ஹால் இல்ல சார். ஆய்வகத்துல. இந்த வருஷத்து இடமெல்லாம் ஜூன்லயே நிரம்பிடுச்சு. எல்லாம் தலைநகரத்துப் பசங்க. அடுத்த வருஷத்துக்குப் பணம் வருமான்னு யாருக்கும் தெரியாது."

நேரி மேம் சாறுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்தான்.

"அப்ப எதுக்கு சார் வந்தீங்க?"

"ஊர் ஊராப் போய்ப் பேசணும்னு திட்டத்துலயே எழுதியிருக்கு. பேசலைன்னா, செய்ய வேண்டியதைச் செய்யலைன்னு சொல்லித் திட்டத்தையே மூடிடுவாங்க. பேசினா, அடுத்த வருஷம் ஒருவேளை பணம் வரலாம். அதனால இல்லாத இடத்துக்கு ஆள் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

"இதுக்கு முன்னாடி போன காலேஜ்ல சொன்னீங்களா?"

"இல்ல."

"எங்ககிட்ட மட்டும் ஏன்?"

"அங்கெல்லாம் சாப்பிடும்போது டீன் பக்கத்துலயே இருந்தாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நேரி மேமுக்கு வரவில்லை. ருவெலினைப் பற்றிச் சொன்னார். தீவு, சிப்பி, ஆலை வேலை, தான் காத்திருக்கச் சொன்னது எல்லாவற்றையும். வில்லராசா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யட்டும் மேம்?"

"சொல்லிடுங்க."

"மேடையிலயா?"

"அவங்க அங்கதான சார் கேப்பாங்க."

வில்லராசா தட்டைப் பார்த்தார். சோறு ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஹால் நிறைந்திருந்தது. ரெண்டு மார்க்கின் மகிமை. மின்விசிறிகளில் பாதி ஓடின. பின்வரிசையில் பையன்கள் போனுக்குள் முகம் புதைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் ருவெலின் இருந்தாள். ஜீன்ஸ் முழங்கால் வரை நனைந்து நிறம் மாறியிருந்தது. மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எங்கள் ஊரில் அது வணக்கமும் ஆகும், ஆமாம் என்பதும் ஆகும்.

அவர் நன்றாகப் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். பல தடவை பேசிப் பேசி வழவழப்பாகியிருந்தது அந்தப் பேச்சு. ஆய்வகத்தின் கண்ணாடி அறைகள், கடலுக்குள் இறங்கும் மாணவர்கள், மைக்ரோஸ்கோப்பில் நட்சத்திரம் போலத் தெரியும் உயிர்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்கவைக்க வேண்டும் என்று வாய்க்குத் தெரிந்திருந்தது. கண் மட்டும் எங்கேயோ இருந்தது. டீன் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரம். மைக்கை எடுத்துக்கொண்டு போகிறவர் நேரி மேம். முதல் கேள்வி ஒரு பையனுடையது. "சார், அங்க ஹாஸ்டல்ல ஏசி உண்டா?" ஹால் சிரித்தது. உண்டு என்றார். இன்னொருத்தி பாய்ஃபிரெண்டைக் கூட்டிவரலாமா என்று கேட்டாள். மறுபடி சிரிப்பு. பிறகு ருவெலின் எழுந்தாள்.

"சார், இந்த வருஷம் எங்க காலேஜ்லேர்ந்து எத்தன பேர எடுப்பீங்க?"

"நல்ல கேள்வி" என்றார் அவர். "எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் திறமையும் ஆர்வமும் இருக்கிற எல்லாரையும் நாங்க விண்ணப்பிக்கச் சொல்றோம். முயற்சிதான் முக்கியம்..."

ருவெலின் தலையாட்டிவிட்டு உட்காரப் போனாள். அவள் கையிலிருந்த மைக்கை நேரி மேம் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போகவில்லை. அங்கேயே நின்றார்.

"சார், அவ எண்ணிக்கை கேட்டா."

ஒலிபெருக்கி லேசாக ஊளையிட்டது. நான் குமிழைத் திருகினேன். வில்லராசா நேரி மேமைப் பார்த்தார், டீனைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்தார். தோளிலிருந்து மூட்டை இறக்குகிறவன் வைப்பது மாதிரி வைத்தார்.

"யாரையும் இல்லை" என்றார். "இந்த வருஷம் இடம் கிடையாது. முன்னாடியே நிரம்பிடுச்சு. அடுத்த வருஷம் தெரியாது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், உண்மையான கவலையோடு, "மேம், ரெண்டு மார்க் உண்டுல்ல?"

"உண்டு" என்றார் நேரி மேம்.

டீன் எழுந்து மேடைக்கு ஓடாத குறையாகப் போய்ப் பாராட்டுச் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பிள்ளைகள் பான்சிட் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மழையில் கலைந்தார்கள்.

நான் ஒயர்களைச் சுருட்டிவிட்டு அறைக்குப் போனபோது டீன் முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"மேம், விருந்தாளிய நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டீங்களே."

"கேள்வி அந்தப் பொண்ணுதான் சார் கேட்டா. நான் ஞாபகப்படுத்தினேன்."

"இனிமே நம்ம ஊருக்கு யார் வருவாங்க?"

"இடம் இருக்கிறவங்க வரட்டும் சார்."

டீன் சற்று நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "உங்களுக்கு வேலை அதிகம் போல. ஒருங்கிணைப்பு வேலையை வேற யாருக்காவது குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். நேரி மேம் செருப்பைக் கழற்றி அட்டைப்பெட்டி மேல் காலை வைத்தார்.

"இனிமே வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகலாம்" என்றார். சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ருவெலின் கதவருகில் வந்து நின்றாள்.

"உள்ள வா" என்றார் நேரி மேம். "இன்னிக்குப் புதன்தான. ஆலைக்கு இப்பவே போன் பண்ணு. போறேன்னு சொல்லிடு. நான் உன்னக் காத்திருக்கச் சொன்னது தப்பு."

அவள் உட்காரவில்லை. "காலையிலயே வேண்டாம்னு சொல்லிட்டேன் மேம்."

"என்னது?"

"படகு ஏறும்போதே சொல்லிட்டேன். ரெண்டு மனசா கூட்டத்துக்கு வரக் கூடாதுன்னு தோணிச்சு."

நேரி மேம் காலைக் கீழே இறக்கினார். நான்தான், "மறுபடி பேசிப் பாரேன்" என்றேன். அவள் அங்கேயே நின்று சித்தி மகளைக் கூப்பிட்டாள். இரண்டு நிமிடப் பேச்சு. மத்தியானமே வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார்களாம். "சரிக்கா, பரவால்ல. இல்ல, அழலை" என்று சொல்லிப் போனை வைத்தாள். அழவும் இல்லை. முகத்தில் தூக்கமின்மை மாதிரி ஒன்றுதான் இருந்தது.

வில்லராசா வெளியே தாழ்வாரத்தில் வேனுக்காக நின்றிருந்தார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உங்க விண்ணப்பத்தைக் குடுங்க. நான் படிக்கிறேன்."

"படிச்சு என்ன சார் செய்வீங்க?" என்றாள். கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் கதவைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு, "உங்க விரிகுடாத் தண்ணி எங்களுக்கு வேணும்" என்றார். "வாரம் ஒரு தடவ, சிப்பி மூங்கில் இருக்கிற இடத்துலேர்ந்து பாட்டில்ல எடுத்து, எண்ணிப் பாத்து, மிச்சத்த எங்களுக்கு அனுப்பணும். இங்க ஆள் இல்லாம ரெண்டு வருஷமா அந்த இடம் காலியாவே கிடக்கு. நீங்க செய்யறீங்களா?"

"சம்பளம்?"

"சம்பளம்னு இல்ல. கட்டுரை வரும்போது உங்க பேர் வரும்."

"பேர் எனக்கு ஏற்கெனவே இருக்கு சார்."

நேரி மேம் சிரித்துவிட்டார். அன்று முழுக்க அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வில்லராசாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. காது சிவந்துபோயிற்று.

"கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க சார். அதுவரைக்கும் தண்ணி கடல்லயே இருக்கட்டும்."

வேன் வந்தது. போய்விட்டார். அவரிடமிருந்து மறுபடி பேச்சு வரும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

வந்தது. நவம்பர் கடைசியில் நேரி மேமைக் கூப்பிட்டார். மாணவர் உதவித்தொகைக் கணக்கில் ஒன்றும் முடியவில்லையாம். படகு வாடகைக் கணக்கில் கொஞ்சம் வாங்கியிருக்கிறாராம். ஆக, ஆய்வகத்தின் ஏடுகளில் ருவெலின் லகாடோ ஒரு படகு. "பரவால்ல, ஓட்டை இல்லாத படகுன்னு எழுதச் சொல்லுங்க" என்றாள் அவள்.

வாரா வாரம் பாட்டில் பெட்டியோடு வந்தாள். நேரி மேம் மைக்ரோஸ்கோப் அறைச் சாவியை வைத்திருந்தார். பதவியைப் பிடுங்கினவர்கள் சாவியைக் கேட்க மறந்துவிட்டார்கள். அவள் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணுவாள். அலுப்பான வேலை. கழுத்து பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான வாரங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இருக்காது. ஒன்றும் இல்லை என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும்.

பிப்ரவரியில் அந்த நுண்ணுயிர் இருந்தது. ஒரு வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் அதைப் போலப் பல மடங்கு. நேரி மேமைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, ஆனால் எண்கள் ஏறுவது எப்படி இருக்கும் என்று தெரியும். மீன்வளத் துறைக்குச் சொன்னோம். சோதனைக்கு எடுத்துப்போனார்கள். அறிவிப்பு வர நாளாகும் என்றார்கள்.

தீவின் திருவிழா அடுத்த வாரம். சிப்பி விற்றுத்தான் பன்றி வாங்க வேண்டும், பந்தல் போட வேண்டும். ருவெலின் தன் அப்பாவிடம் சொன்னாள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் படகைக் கரையில் இழுத்துப் போட்டார். மற்றவர்கள் அப்படியில்லை. டோலிங் என்ற படகோட்டி, எப்போதும் அவளைக் கரைக்கு ஏற்றிவருகிறவர், எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "ஏம்மா, டிகிரி வாங்கறதுக்கு முன்னாடியே எங்க வயித்துல அடிக்கிறியே, வாங்கின பிறகு என்ன பண்ணுவ?"

அவர் தன் பங்குச் சிப்பியை எடுத்து வியாபாரிக்குப் போட்டார். அதில் ஒரு கூடையை வீட்டிலும் வேகவைத்தார்கள். அன்று சாயங்காலமே அவருடைய மகளுக்கு உதடு மரத்து, நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. நகர ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சுவாசக் கருவியோடு கிடந்தது குழந்தை. பிழைத்துக்கொண்டது. வியாபாரி வாங்கினதில் பாதியைத் தேடிப் பிடித்துக் கொட்டினார்கள். மீதி எந்தச் சந்தைக்குப் போனதோ, அதனால் யாருக்கு என்ன ஆனதோ, எங்களுக்குத் தெரியாது. அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அதற்கப்புறம் ருவெலினுக்கு நல்ல பெயர் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். சிலர் அவள் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். சிலர் அவள் சொன்னதால்தான் தடையே வந்தது என்றார்கள். தடை ஏப்ரல் வரை நீடித்தது. அவளுடைய அப்பா கட்டட வேலைக்குப் போனார். அவள் தண்ணீர் எடுப்பதை நிறுத்தவில்லை. தடை எப்போது நீங்கும் என்று தெரிய வேண்டுமானாலும் யாராவது எண்ணித்தானே ஆக வேண்டும்.

ஜூனில் வில்லராசா அவளையே நேராகக் கூப்பிட்டார். பணம் வந்துவிட்டது, விண்ணப்பிக்கச் சொன்னார்.

"இடம் இருக்கா சார், இல்லையா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணுக்கு உங்க பேரைச் சொல்லியிருக்கேன். ஆனா முடிவு என் கையில இல்ல."

"இத முன்னாடியே சொன்னதுக்கு நன்றி சார்."

கிடைக்கவில்லை. நேர்காணல் வரைக்கும் போனாள். நகரத்துப் பெண்ணொருத்திக்கும் வடக்கேயிருந்து வந்த ஒரு பையனுக்கும் கொடுத்தார்கள். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்தான் என்று அவளே சொன்னாள். மாகாண மீன்வள அலுவலகத்தில் அவளை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஆலைக்குப் போன பெண் அவளைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். நேரி மேம் இதைக் கேட்டு, "என்னால உனக்கு இது" என்று ஆரம்பித்தார். ருவெலின், "மேம், அந்தக் கடைசிக் கண்ணாடிய இன்னும் எண்ணலை. எண்ணிட்டுப் பேசலாமா" என்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டாள்.

போன வாரம் படகுத்துறையில் அவளைப் பார்த்தேன். மடியில் பாட்டில் பெட்டி, கையில் பாதி தின்ற அவித்த வாழைப்பழம்.

"எப்படிப் போகுது?" என்றேன்.

"நாலு தீவு சார் இப்ப. அலுவலகத்துல வேற ஆள் இல்ல." கொட்டாவி விட்டாள். "தூக்கமா வருது சார். படகு கிளம்பும்போது எழுப்பறீங்களா?"

எழுப்புகிறேன் என்றேன். பெஞ்சில் சாய்ந்து, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உடனே தூங்கிவிட்டாள். படகில் ஆள் நிறைந்துவிட்டது. ஒரு கிழவர் நேரமாயிற்று என்று முணுமுணுத்தார். நான் எழுந்து அவள் தோளைத் தொடப் போனேன். டோலிங் படகிலிருந்து கையை அசைத்து என்னைத் தடுத்தார்.

"இன்னும் ரெண்டு பேர் வரணும்" என்றார் கிழவரிடம்.

யாரும் வரவேண்டியதில்லை. எனக்கும் தெரியும், படகில் இருந்த பாதிப் பேருக்கும் தெரியும். அவர் மோட்டாரை அணைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து மறுபடி மெதுவாகக் கட்ட ஆரம்பித்தார்.